பளிங்கின் மேல் அமிலம் பட்டால்: கேள்வி பதில்

சுண்ணாம்புக்கல்லில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டால் நுரைத்துப் பொங்குவது ஏன்?

பொங்கி வருவது கார்பன் டை ஆக்சைடு. சுண்ணாம்புக்கல்லும் பளிங்கும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டுதான். அமிலத்தின் ஹைட்ரஜன் அயனிகள் கார்பனேட்டோடு சேரும்போது கார்பானிக் அமிலம் தோன்றி, நிலைத்து நிற்க இயலாமல் உடனே நீராகவும் வாயுவாகவும் பிரிந்துவிடுகிறது. கூடவே உண்டாகும் கால்சியம் குளோரைடு என்ற உப்பு கரைசலிலேயே தங்கிவிடுகிறது. 10 கிராம் தூய கால்சியம் கார்பனேட்டு முழுவதும் வினைபுரிந்தால் 4.4 கிராம், அதாவது அறை வெப்பநிலையில் ஏறத்தாழ 2.4 லிட்டர் வாயு வெளிவரும் என்பதால், குடுவையை இறுக மூடி வைத்து இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

கந்தக அமிலமும் வலிமையான அமிலம்தானே? நீர்த்த கந்தக அமிலத்தில் பளிங்குத் துண்டைப் போட்டேன். சற்று நேரம் நுரைத்துவிட்டு அடங்கிவிட்டது.

உங்கள் அமிலத்தில் குறையில்லை. இங்கே உண்டாகும் கால்சியம் சல்பேட்டு ஒரு லிட்டர் நீரில் ஏறக்குறைய 2 கிராம்தான் கரையும். எஞ்சியது கல்லின் மேல் தோல்போலப் படிந்து, உள்ளே இருக்கும் கார்பனேட்டை அமிலம் தொடவிடாமல் தடுத்துவிடுகிறது. துண்டை இடுக்கியால் எடுத்து, நன்றாகக் கழுவி, ஓரிடத்தில் சுரண்டிப் பாருங்கள். வெண்மாவு போன்ற பூச்சு உதிரும், சுரண்டிய இடத்தில் அமிலம் பட்டதும் குமிழிகள் மறுபடி எழும். இதே அமிலத்தில் பச்சை நிறத் தாமிரக் கார்பனேட்டுத் தூளைப் போட்டாலோ, தாமிர சல்பேட்டு நன்கு கரையக்கூடியது என்பதால், தூள் முழுவதும் மறைந்து தெளிந்த நீலக் கரைசல் கிடைக்கும். அமிலத்தின் வலிமையை மட்டும் மனப்பாடம் செய்யும் மாணவர்கள் தடுமாறுவது இந்த இடத்தில்தான்; உண்டாகும் உப்பு கரையுமா என்பதையும் சேர்த்தே கேட்டுப் பழக வேண்டும். காரீயக் கார்பனேட்டுக்கு நைட்ரிக் அமிலத்தைத் தேர்ந்தெடுப்பதும் இதனால்தான். காரீய நைட்ரேட்டு நன்கு கரையும், அதன் குளோரைடும் சல்பேட்டும் அவ்வாறு கரைவதில்லை.

சாக்பீஸில் அமிலம் விட்டும் நுரை வரவில்லையே?

இன்று கரும்பலகைக்கு வரும் சாக்பீஸ்களில் பல ஜிப்சத்தால் ஆனவை. அது சல்பேட்டு, கார்பனேட்டு அன்று. நுரையைப் பார்க்க, கால்சியம் கார்பனேட்டால் ஆன முட்டை ஓட்டை எடுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டு மொசைக் தரையில் படிந்த கறையைப் போக்க ஆசிட் ஊற்றலாமா?

வேண்டாம். மொசைக்கில் பதித்திருப்பவை பெரும்பாலும் பளிங்குச் சில்லுகள். கறையோடு சில்லுகளின் மேற்பரப்பும் அரிக்கப்பட்டு மெருகு போய்விடும். பிறகு எவ்வளவு கழுவினாலும் அது திரும்பாது, மீண்டும் இழைத்துப் பாலிஷ் போடத்தான் வேண்டியிருக்கும்.