லிப்பிடீமா கேள்வி-பதில்: காலைத் தொட்டுப் பார்க்காமல் சாப்பாட்டைக் குறை சொல்லாதீர்கள்

எனக்கு இருப்பது லிப்பிடீமாவா, நிணநீர் வீக்கமா?

லிப்பிடீமா என்பது தொடையிலும் காலிலும் வலியோடு கொழுப்பு சேரும் நோய். நிணநீர் வீக்கம் என்பது நிணநீர் வடியாமல் தேங்குவது. பாதத்தைப் பாருங்கள். லிப்பிடீமாவில் கொழுப்பு கணுக்காலோடு நின்றுவிடும். அங்கே வளையம் மாட்டியதுபோல் ஒரு மடிப்பு விழும். பாதம் மெலிவாகவே இருக்கும். நிணநீர் வீக்கத்தில் பெரும்பாலும் பாதமும் சேர்ந்து வீங்கும், இரண்டாம் கால்விரல் பாதத்தோடு சேரும் இடத்தில் மேல்தோலைக் கிள்ளித் தூக்கவும் வராது. இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் டாக்டரிடம் காட்டி உறுதிசெய்யுங்கள்.

கால் வீங்குகிறது. நல்ல மாத்திரை எழுதவும்.

ஒரு காலா, இரண்டு காலா? வலி உண்டா? எத்தனை நாளாக? வயது என்ன? இதில் ஒன்றைக்கூட எழுதாமல் மாத்திரை கேட்டால் எப்படி? ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பதிலுக்குக் காத்திருக்காமல் இன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

நீர் பிரியும் மாத்திரை எடுக்கலாமா?

லிப்பிடீமாவுக்கு வேண்டாம். சேர்ந்திருப்பது கொழுப்பு. இதயத்துக்கோ ரத்த அழுத்தத்துக்கோ டாக்டர் கொடுத்திருந்தால் அதை நிறுத்தவும் வேண்டாம்.

மகளுக்கு 24 வயது. பருவமடைந்ததிலிருந்து தொடையும் காலும் பெருத்துக்கொண்டே போகின்றன. இடுப்புக்கு மேலே ஒல்லி. டாக்டர் லிப்பிடீமா என்கிறார். வாயைக் கட்டு என்றால் அழுகிறாள், அறையை விட்டு வருவதில்லை. எப்படிப் புரியவைப்பது?

புரிந்துகொள்ள வேண்டியது நீங்கள், அம்மா. பட்டினி கிடந்தால் முகம் வற்றும், மார்பு வற்றும். தொடை பெரிதாக அசையாது. பத்து வருடமாக இதைத் தன் உடம்பிலேயே பார்த்துவருகிறாள் அந்தப் பெண். அதற்கும் அவளையே குற்றம் சொன்னால் அறைக்கதவைச் சாத்திக்கொள்ளாமல் என்ன செய்வாள்?

என்னிடம் வருபவர்கள் பலர் உட்கார்ந்ததுமே கைப்பையை எடுத்துத் தொடைமேல் வைத்து மறைத்துக்கொள்கிறார்கள். ரத்த அழுத்தம் பார்க்கக் கையில் பட்டை சுற்றினாலே வலியில் துடிப்பவர்கள் உண்டு. எங்கே இடித்துக்கொண்டோம் என்று தெரியாமலே காலில் நீலம் பாரிக்கும். அந்த வலி நிஜம். எடை மெஷினில் ஏற்றிவிட்டு, காலைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் "சாப்பாட்டைக் குறை" என்று அனுப்பிவைக்கும் மருத்துவர்கள்மேல் எனக்குத் தீராத கோபம். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் ஆலன், ஹைன்ஸ் என்ற மருத்துவர்கள் இந்த நோயைப் பெயரிட்டு எழுதியது 1940-ல்! இன்னும் தெரியாது என்றால் எப்படி?

இப்படியே வருடக்கணக்கில் பழி சுமந்தால் மனச்சோர்வு, பதற்றம், பட்டினி கிடந்து பிறகு கட்டுப்பாடின்றிச் சாப்பிடுவது என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். மகளிடம் "உன் தப்பில்லை" என்று இன்றே சொல்லுங்கள். மனநல மருத்துவரிடமும் அழைத்துப் போங்கள், கால் சிகிச்சையோடு சேர்த்து. உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் ஒரு வார்த்தை வந்தாலும் தனியே விடாதீர்கள். உடனே கூட்டிப் போங்கள்.

கால் இளைக்காது என்றால் உடற்பயிற்சி எதற்கு?

முழங்காலுக்காக. கனத்த தொடைகள் நடையை மாற்றி மூட்டைத் தேய்க்கும். நீச்சல், தண்ணீருக்குள் நடப்பது மிக நல்லது: மூட்டில் பாரம் குறையும், நீரின் அழுத்தம் காலுக்கு இதம் தரும். உடல் பருமனும் சேர்ந்தால் வலி கூடும் என்பதால் எடையைக் கவனிப்பதும் அவசியம். பட்டினி வேண்டாம்.

அழுத்தக் காலுறை போட்டால் மெலியுமா?

மெலியாது. வலியும் கனமும் குறையும். அளவெடுத்துச் செய்ததையே போடுங்கள். தமனி அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஆண்களுக்கும் வருமா?

மிக அபூர்வம்.

லிப்போசக்‌ஷன் (கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் அறுவை) செய்தால் முழுக் குணமா?

முழுக் குணம் என்று யாராவது வாக்குக் கொடுத்தால் அங்கே செய்துகொள்ளாதீர்கள். பலருக்கு வலி நன்றாகக் குறைகிறது, நடை எளிதாகிறது. ஆனால் ஒரே தடவையில் முடியாது, இரண்டு மூன்று அமர்வுகள் ஆகலாம்; அதன் பிறகும் சிலருக்குக் காலுறை தேவைப்படும். நிணநீர் நாளங்களைக் காப்பாற்றிச் செய்யத் தெரிந்த, லிப்பிடீமா அனுபவமுள்ள அறுவை நிபுணராகப் பாருங்கள். மறுபடியும் சொல்கிறேன், காத்திருக்கும் காலத்தில் நீர் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள்.