லினக்ஸில் இணைய வானொலி: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, வானொலியின் தளத்தில் ‘கேட்க’ என்பதை அழுத்தினால் பாட்டு வருவதில்லை. பிஎல்எஸ் என்று முடியும் சின்னக் கோப்பு ஒன்றுதான் இறங்குகிறது. அதை எதில் திறப்பது?

பதில்: அந்தக் கோப்பில் ஒலியே கிடையாது, ஒலி எங்கே கிடைக்கும் என்று எழுதிவைத்த சீட்டு அது. சாதாரண உரைத் திருத்தியில் திறந்து பாருங்கள். ‘ஃபைல்1’ என்று தொடங்கும் வரியில், சமக்குறிக்குப் பின்னால் ஒரு முகவரி இருக்கும். நமக்கு வேண்டியது அதுதான். எம்3யூ கோப்பு இன்னும் எளிது, வரிக்கு ஒரு முகவரி.

அந்த முகவரியை நகலெடுத்துக்கொண்டு, கட்டளைகளைத் தட்டும் முனையத்தை (டெர்மினல்) திறந்து, ஒலியை இசைக்கும் எம்பிவி (mpv) என்ற இயக்கியின் பெயரை மூன்று ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டுங்கள். ஓர் இடைவெளி விட்டு முகவரியை ஒட்டி என்டர் அழுத்துங்கள். முகவரியை ஒற்றை மேற்கோள் குறிகளுக்குள் வைப்பது அவசியம். நடுவில் & குறி இருந்தால், கட்டளை அங்கேயே முடிந்துவிட்டதாக எண்ணி, கட்டளைகளைப் படிக்கும் ஷெல் முகவரியை வெட்டிவிடும்.

விஎல்சி என்ற சாளர இயக்கியிலும் கேட்கலாம். ஆனாலும் முதல் சோதனையை முனையத்தில் செய்யுங்கள் என்றே எல்லோரிடமும் மன்றாடுவேன். என்ன தவறு என்பதை அது மறைக்காமல் சொல்லும். 404 என்று வந்தால் அந்த முகவரியில் இப்போது ஒன்றும் இல்லை. உங்கள் கணினியைக் குடைந்து பயனில்லை.

கேள்வி: பல ஆண்டுகளாக எம்பிஜி123 பயன்படுத்துகிறேன். சில நிலையங்கள் மட்டும் பாட மறுக்கின்றன.

பதில்: அது எம்பி3 குடும்பத்துக்கான இயக்கி. நிலையம் ஏஏசி, ஓபஸ் போன்ற வடிவங்களில் ஒலிபரப்பினால் அதற்குப் புரியாது. எம்3யூ8 என்று முடியும் முகவரியும் அப்படித்தான். அது சில நொடி நீளத் துண்டுகளின் பட்டியல். ஒலிபரப்பு நகர நகரப் பட்டியலும் மாறிக்கொண்டே இருக்கும். எம்பிவிக்கு மாறிவிடுங்கள்.

கேள்வி: பாட்டின் பெயர் தெரிகிறது, நேரமும் ஓடுகிறது, சத்தம்தான் இல்லை!

பதில்: அப்படியானால் ஓடை, அதாவது இணையம் வழியே வரும் ஒலித் தரவு, ஒழுங்காக வந்துகொண்டிருக்கிறது. முனையத்தில் ஒலியளவைக் காட்டும் ஆல்சாமிக்சரைத் (alsamixer) திறந்து பாருங்கள். பட்டைக்குக் கீழே ‘எம்எம்’ என்று இருந்தால் ஒலி அடைக்கப்பட்டிருக்கிறது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். அதுவும் சரியென்றால், ஒலி எச்டிஎம்ஐ வடம் வழியே திரைக்குப் போகிறதா என்று, ஒலி எங்கே போகிறது எனக் காட்டும் பாவுகன்ட்ரோலில் (pavucontrol) பாருங்கள்.

கேள்வி: அடிக்கடி விக்கி நின்றுவிடுகிறது. இணைய வேகத்தைக் கூட்ட வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். 128 கிலோபிட் ஓடைக்கு நொடிக்கு 16 கிலோபைட் போதும். பெரும்பாலும் குறை வேகத்தில் இல்லை, வைஃபையின் தடுமாற்றத்தில்தான். நேரலையை முன்கூட்டியே இறக்கிவைக்க முடியாது என்பதால் சின்னத் தடங்கலும் காதில் விழுகிறது. பல நிலையங்கள் ஒலிபரப்பப் பயன்படுத்தும் ஐஸ்காஸ்ட் வழங்கி (சர்வர்) தன் இயல்பமைப்பில் இணைந்தவுடன் ஏறத்தாழ 64 கிலோபைட் தருகிறது. அது நான்கு நொடிக் கையிருப்பு. எம்பிவியில் பாட்டு தொடங்கியதும் இடைவெளி விசையை அழுத்தி அரை நிமிடம் நிறுத்திவையுங்கள். நின்றிருக்கும்போதும் அது ஓடையைச் சேர்த்துக்கொண்டே இருக்கும். மறுபடி ஓடவிட்டால் அரை நிமிடச் சேமிப்பு கையில் இருக்கும். பணம் செலவழிக்கும் முன் இதைச் செய்துபாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு முனையம் வராது. ஒரே சொடுக்கில் கேட்க வழி உண்டா?

பதில்: உண்டு. அவருக்குப் பிடித்த நிலையங்களின் முகவரிகளை வரிக்கு ஒன்றாக எழுதி, எம்3யூ என்ற பின்னொட்டுடன் மேசைத்திரையில் சேமித்து, விஎல்சியில் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். அடுத்த நிலையம் வேண்டுமென்றால் ‘அடுத்து’ பொத்தானை அழுத்தினால் போதும்.