சலரோகமா, குரங்கா?

கேள்வி: கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். வயது 32. குரங்கினங்களின் மரபணுக்கள் எப்படி மாறி வந்தன என்ற ஆய்வில் கலாநிதிப் பட்டம் முடித்து, இப்போது ஜேர்மனியில் இரண்டு வருட போஸ்ட்டொக் (கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு செய்யும் ஆய்வு வேலை) கிடைத்திருக்கிறது. அப்பா இல்லை. அண்ணா கனடாவில், மாதம் தவறாமல் காசு அனுப்புகிறார். அம்மாவுக்குச் சலரோகம், மற்றப்படி சுகம். அவரிடம் சலரோக ஆராய்ச்சி என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன், குரங்கு என்றால் சனம் சிரிக்கும். அவரைத் தனியே விட்டுப் போவது பாவமா?

பதில்: போகலாமா, நிற்கலாமா என்று கேட்டுக் கடிதம் வராத மாதமில்லை. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் அந்தச் சலரோகக் கதைக்கு வாருங்கள், பிள்ளை.

சலரோகம் உள்ள தாயிடம் மகள் அப்படிச் சொன்னால் அவர் என்ன நினைப்பார்? தன்னுடைய வருத்தத்துக்குத்தான் பிள்ளை மருந்து தேடுகிறாள் என்று நினைப்பார். கோயிலடியில் நாலு பேரிடம் சொல்லியும் இருப்பார். சனத்தின் சிரிப்புக்குப் பயந்து, பெற்றவளின் நோயையே மறைப்பாகக் கட்டியிருக்கிறீர்கள். பாவம் எது என்று என்னிடம் கேட்க உங்களுக்குக் கூச்சமாக இல்லையா?

அவருக்கு விளங்காது என்று மட்டும் மறுகடிதம் எழுத வேண்டாம். சிம்பன்சியின் மரபணுத் தொகுதியை 2005இல் வெளியிட்டார்கள் என்று தொடங்கினால் கொட்டாவி விடுவார், சரி. நெல்லிக்காயில் தொடங்குங்கள். ஆடும் நாயும் விட்டமின் சியைத் தம் உடம்பிலேயே செய்துகொள்ளும். நமக்கு அதற்குரிய மரபணு பழுதாகிக் கிடக்கிறது. அதனால்தான் நெல்லியும் தோடம்பழமும் தேவைப்படுகின்றன. பொலநறுவையில் திரிகிற செங்குரங்குக்கும் அதே பழுது. தேவாங்கு வகைக்கோ அது இன்னும் வேலை செய்கிறது. ஆக, தேவாங்கின் வழி பிரிந்த பிறகு, நமக்கும் குரங்குக்கும் பொதுவான ஒரு மூதாதையிடம் அது கெட்டுப்போயிருக்க வேண்டும். உங்கள் வேலை இந்த மாதிரிக் கணக்குத்தானே? செங்குரங்கு இலங்கையைத் தவிர வேறெந்த நாட்டுக் காட்டிலும் இல்லை என்பதையும் சொல்லுங்கள். இந்த நாட்டுப் பிள்ளை அதைப் படிப்பதில் சிரிக்க என்ன இருக்கிறது?

போவதென்றால் போங்கள். தாயின் பக்கத்தில் நிற்பது கடமைதான், அதில் எனக்கு இரண்டு பேச்சில்லை. ஆனால் அதை மகளின் பெயரில் மட்டும் யார் எழுதி வைத்தது? காசு மாத்திரை வாங்கும்; கிளினிக் வரிசையில் அம்மாவின் பக்கத்தில் நிற்காது. இந்த இரண்டு வருடத்தில் எத்தனை மாதம் வந்து நிற்பார் என்று அண்ணாவிடம் கேளுங்கள், லீவு இல்லை என்றால் அண்ணியையும் சேர்த்துக் கேளுங்கள். உங்கள் வேலையில் பெரும்பகுதி கணினியில் என்றால், வருடத்தில் சில வாரமாவது கொக்குவிலில் இருந்து செய்யலாமா என்பதைக் கையெழுத்து வைக்கும் முன்பே பேராசிரியரிடம் பேசிக்கொள்ளுங்கள். பிறகு கேட்டால் அது தயவு.

இதெல்லாம் அம்மாவிடம் உண்மையைச் சொன்ன பிறகு. “அப்ப என்ர வருத்தத்துக்கு மருந்து?” என்று கேட்பார். உங்கள் வேலையால் அது வராது என்றே சொல்லுங்கள். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேச மாட்டார். அந்த இரண்டு நாளும் சாட்டுச் சொல்லிக்கொண்டு வெளியே வெளிக்கிட வேண்டாம்.