தொண்டை எரியுதுன்னா ரம்ல ஆரம்பிங்க

நண்பரே, முதல் தடவை விஸ்கியை ராவா குடிச்சு தொண்டை எரிஞ்சுது, விலை குறைவா, மென்மையா எது இருக்குன்னு கேட்டிருக்கீங்க. என் ஓட்டு ஓல்டு மங்க் டார்க் ரம்முக்குத்தான். 7 வருஷம் பழசுன்னு சொல்லுவாங்க. வெனிலா வாசம், கருப்பட்டி மாதிரி லேசான இனிப்பு. ஃபுல் வேண்டாம், 180 மி.லி. குவார்ட்டர் வாங்கிப் பாருங்க. பிடிக்கலைன்னாலும் நஷ்டம் கம்மி.

ஆனா எரிச்சலுக்கு முக்கியக் காரணம் பிராண்டு இல்லை, ஆல்கஹால். நம்ம ஊர் சரக்குல பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மி.லி.க்கு, அதாவது ஒரு ஸ்மாலுக்கு, 90 மி.லி. தண்ணி ஊத்தினா 11 சதவீதத்துக்குக் கீழ இறங்கிடும். கோலா ஊத்தினா ரம்மோட வாசனையை அமுக்கிடும். வெதுவெதுப்பான தண்ணி, ஒரு எலுமிச்சைத் துண்டு போதும். சாப்பிட்டுட்டு மெதுவா குடிங்க, ரெண்டு ஸ்மாலோட நிறுத்திக்கோங்க. மாத்திரை எடுக்குறீங்கன்னா டாக்டரைக் கேட்காம தொடவே தொடாதீங்க. அன்னைக்கு வண்டியும் எடுக்காதீங்க.