உட்கார்ந்தபடி பதில் சொன்னால் என்ன?

அன்புள்ள அக்கா,

திருச்சியில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். நாற்பது சேலையைப் பிரித்துப் போட வைத்துவிட்டு ‘கலர் பிடிக்கலை’ என்று எழுந்து போகிறார்கள். விரலைச் சொடுக்கிக் கூப்பிடுகிறார்கள். பட்டிக்காட்டு ஜனங்கள்தான் ரொம்ப மோசம், ஒரு சேலை எடுக்க ஒரு கூட்டமே வரும். போன வாரம் கூட்டம் இல்லாதபோது ஸ்டூலில் உட்கார்ந்தேன். ‘உட்கார்ந்துக்கிட்டே பதில் சொல்றா’ என்று ஒரு அம்மா சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டார். இப்படிப்பட்டவர்களிடம் எரிச்சல்படாமல் இருப்பது எப்படி? வேலையை விட்டுவிடலாமா?

வி., திருச்சி

அன்புள்ள வி.,

முதலில் உங்களைத் திட்டிவிடுகிறேன். ‘பட்டிக்காட்டு ஜனங்கள்’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனசு வந்தது? துறையூரிலிருந்தும் மணப்பாறையிலிருந்தும் பஸ் ஏறி வருகிற அந்தக் கூட்டத்துக்கு முகூர்த்தச் சேலை என்பது சீட்டுப் பணம் எடுத்து வாங்கும் பொருள். அத்தைக்குப் பிடிக்க வேண்டும், சம்பந்தி வாய் திறக்கக் கூடாது, பெண்ணின் நிறத்துக்கு எடுப்பாக இருக்க வேண்டும். நாற்பது என்ன, எண்பது சேலைகூடப் பார்ப்பார்கள். உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு எப்படித் துணி எடுத்தீர்கள் என்று அம்மாவைக் கேளுங்கள்.

விரல் சொடுக்குகிறவர்களைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை. சொடுக்கினால் திரும்பாதீர்கள், கூப்பிட்டால் போங்கள். வேலையை விடுவது பற்றி வீட்டு நிலைமை தெரியாமல் நான் என்ன சொல்ல?

கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஸ்டூல் விஷயத்துக்கு வருகிறேன். கொஞ்ச நாளாகவே நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் சித்தி மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் பல வருஷம் சேலை காட்டினாள். ராத்திரி வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் உப்புப் போட்டுக் காலை வைத்துக்கொள்வாள். முழங்காலுக்குப் பின்னால் நரம்பு பச்சையாகச் சுருண்டு கிடக்கும். கடையில் ஒரு காலை மடக்கிக் குதிகாலைப் பின்னாலிருக்கும் கீழ்த்தட்டில் முட்டுக்கொடுத்து நிற்பாள், கொஞ்ச நேரம் கழித்து மறு கால். அப்படி நிற்பது கவுண்டருக்கு இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியாது. உங்கள் செக்‌ஷனிலும் கீழ்த்தட்டின் விளிம்பைப் பாருங்கள், குதிகால் பட்டுப் பட்டுப் பெயின்ட் தேய்ந்திருக்கும். கல்யாண வீட்டில்கூட யாராவது ‘உட்காரு’ என்று சொன்னால்தான் சித்தி உட்காருவாள்.

காலையில் நீங்கள் சிரித்துக்கொண்டே காட்டிய அதே நாற்பது சேலை, ராத்திரி எட்டு மணிக்கு உயிரை எடுக்கிறது என்றால், அதற்கு வந்தவர்களின் குணம் மட்டுமா காரணம்? கால் வலித்தால் யாருக்குத்தான் கோபம் வராது? பொறுமையாக இரு, சிரித்த முகமாக இரு என்று மீட்டிங் போட்டுச் சொல்லும் முதலாளிகள், உட்கார ஒரு பலகை போட்டுத் தரட்டும். பாதிப் பொறுமை தானாக வரும்.

இது அவர்கள் இஷ்டப்பட்டால் செய்கிற தர்மமும் இல்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 2021-ல் தமிழ்நாடு அரசு 22-அ என்ற பிரிவைச் சேர்த்தது. எல்லாப் பணியாளர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும், வேலைக்கு நடுவே வாய்ப்புக் கிடைக்கும்போது அவர்கள் உட்கார வழி இருக்க வேண்டும் என்கிறது அது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் கடைகளில் வேலை பார்த்த பெண்கள் முதலில் கழிப்பறைக்காகக் கூடினார்கள், பெண்கூட்டு என்ற அமைப்பாகத் திரண்டார்கள், உட்காரும் உரிமையையும் கேட்டு வாங்கினார்கள். நம் ஊரிலோ சட்டம் வந்த பிறகும் ஸ்டூலைப் பார்த்தால் நமக்கே உறுத்துகிறது.

ஆம், நமக்குத்தான். இதைப் படிக்கிற வாடிக்கையாளர்களையும் சேர்த்தே சொல்கிறேன். காஞ்சிபுரத்துப் பழைய பட்டுக்கடைகளில் தரையில் மெத்தை போட்டு வெள்ளைத் துணி விரித்திருப்பார்கள். வாங்க வந்தவரும் உட்காருவார், காட்டுகிறவரும் எதிரே உட்கார்ந்துதான் மடிப்பைப் பிரித்து முந்தானையை விரிப்பார். யாருக்கும் அதில் மரியாதை குறைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கண்ணாடிக் கவுண்டரும் ஏசியும் வந்ததும் எதிரே இருப்பவள் நின்றே ஆக வேண்டும் என்று எங்கே கற்றுக்கொண்டோம்? அவள் நிற்பதால் சேலையின் சரிகை கூடுதலாக மின்னுகிறதா?

அந்த அம்மா மறுபடி வந்தால் சண்டை போடாதீர்கள். ‘சொல்லுங்கம்மா, என்ன ரேஞ்சுல பார்க்கிறீங்க?’ என்று உட்கார்ந்தபடியே, முகம் பார்த்துக் கேளுங்கள். எழுந்து எடுக்க வேண்டிய சேலை என்றால் எழுந்திருங்கள். சூப்பர்வைசர் ஏதாவது சொன்னால் 22-அ பிரிவைச் சொல்லுங்கள். தனியாகச் சொல்லப் பயமாக இருந்தால் செக்‌ஷன் பெண்கள் எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் தொழிலாளர் துறை அலுவலகத்தில் உதவி ஆய்வாளரிடம் எழுதிக் கொடுக்கலாம்.

புகார் வந்த பிறகு சூப்பர்வைசர் அந்த ஸ்டூலை என்ன செய்தார் என்று நீங்கள் எழுதவே இல்லை. அது அங்கேயே இருக்கிறதா, குடோனுக்குப் போய்விட்டதா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா