ராமென் களியாகிறது, உப்புக் கூடுகிறது: பிழை எங்கே?

கேள்வி: கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் சின்னச் சாப்பாட்டுக்கடை நடத்துகிறேன். கொத்து, ஃபிரைட் ரைஸோடு இப்போது கோழி ராமெனும் (ஜப்பானிய நூடில்ஸ் சூப்) போடுகிறோம். லீவில் வெளிநாட்டிலிருந்து வருகிற பிள்ளைகள் விரும்பிக் கேட்கிறார்கள். ஆனால் "நூடில்ஸ் களியாப் போச்சு", "சூப் ஆறித்தான் வந்தது", "மத்தியானம் நல்லா இருந்தது, இரவு ஒரே உப்பு" என்று முறைப்பாடு வருகிறது. சமையல்காரரை மாற்றினால் சரிவருமா?

பதில்: அவரை மாற்றி ஒன்றும் ஆகாது. நீங்கள் எழுதிய முறைப்பாடுகளில் கைப்பக்குவம் சம்பந்தப்பட்டது குறைவு. கொத்துக்குப் பழகிய குசினியின் வேலை ஒழுங்கு ராமெனுக்கு ஒத்துவராது, அவ்வளவுதான்.

உப்புச் சங்கதி சுலபமானது. உங்கள் ஆள் சோயா சோஸையும் உப்பையும் பெரிய பானைக்குள்ளேயே போட்டுவிடுகிறார் போலிருக்கிறது. காலையில் வைத்த பானை இரவு வரை அடுப்பில் வற்றிக்கொண்டிருக்கும். தண்ணீர் ஆவியாகும், உப்பு ஆகாது. ஜப்பானிய ராமென் கடைகளில் பொதுவாகப் பானையில் உப்புச் சேர்ப்பதில்லை. 'தாரே' என்ற செறிவான சாறைத் தனியாகச் செய்து வைத்து, கிண்ணத்தில் அளந்து ஊற்றுவார்கள். சாதாரண சோயா சோஸில் 30 மில்லிலீற்றருக்கு ஏறக்குறைய 5 கிராம் உப்பு இருக்கும். 350 மில்லிலீற்றர் சூப்புக்கு அதுவே கணக்கு. கண்ணளவு வேண்டாம், அளவுக் கரண்டி வாங்குங்கள். இனிப்புச் சேர்ந்த கறுப்புச் சோயா சோஸ் என்றால் உப்பளவு வேறுபடும், லேபலைப் பாருங்கள்.

நூடில்ஸ் களியாவதற்குக் காரணம் பல. கொத்துக் கடைகளில் காலையிலேயே நூடில்ஸை அவித்து எண்ணெய் பிரட்டி வைப்பது வழக்கம். தாச்சியில் வறுக்க அது நல்லது. சூப்பில் போட்டால் இரண்டு நிமிடத்தில் ஊதிவிடும். ராமெனுக்கு ஓடர் வந்த பிறகே அவிக்க வேண்டும். மெல்லிய பச்சை நூடில்ஸுக்கு 60 முதல் 90 செக்கன் போதும். ஒருவருக்கு 130 கிராம், அதற்கு ஒன்றரை லீற்றருக்குக் குறையாத கொதிதண்ணீர். சின்னப் பானையில் நாலு பேருக்கு ஒன்றாகக் கொட்டினால் கொதி அடங்கிப்போகும். பிறகு அது அவியாது, ஊறும். தண்ணீர் கஞ்சி மாதிரித் தடித்ததும் மாற்றுங்கள். வடிகூடையை நன்றாக உதறுங்கள், தங்குகிற தண்ணீர் சூப்பைச் சப்பென்றாக்கும்.

பக்கெற் நூடில்ஸ் பலவற்றில் ராமெனுக்குரிய காரச் சேர்க்கை (உறைப்பல்ல, சோடா மாதிரியான அல்கலி) இல்லை. மஞ்சள் நிறத்தையும் இழுவையையும் தருவது அதுதான். நூடில்ஸை நீங்களே செய்வதென்றால், அப்பச்சோடாவைத் தட்டில் பரப்பி 130 பாகை ஓவனில் ஒரு மணித்தியாலம் வைத்தால் அந்தக் காரம் கிடைக்கும். 20 கிராம் வைத்தால் 12, 13 கிராமாகக் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லையென்றால் இன்னும் மாறவில்லை. வெறுங்கையால் அள்ளாதீர்கள், தோலை எரிக்கும். அதில் 12 கிராமையும் உப்பு 10 கிராமையும் 360 மில்லிலீற்றர் தண்ணீரில் கரைத்து, பாண் மா ஒரு கிலோவில் தெளித்துப் பிசறுங்கள். புட்டுக்குக் குழைத்த மா போல உதிரியாகத்தான் வரும். பயந்து தண்ணீர் கூட்டினால் திரும்பவும் களிதான். ஒரு மணித்தியாலம் மூடி வைத்துவிட்டு நூடில்ஸ் மெசினில் மடித்து மடித்து உருட்டினால் சேர்ந்துவிடும்.

உப்பும் சூடும் தவிரச் சூப்பைப் பற்றி வேறு முறைப்பாடு இல்லை, ஆகவே ஒரு விடயம் மட்டும். ஜப்பானிலிருந்து கட்சுவோபுஷிக் கருவாடு தேடி அலைய வேண்டாம். மாசியும் அதே சூரை மீன்தான், அதேபோல அவித்துப் புகையூட்டிக் காயவைத்தது. இடித்த மாசி ஒரு பிடியும், தலையும் குடலும் நீக்கிய முல்லைத்தீவு நெத்தலிக் கருவாடும் கடைசி அரை மணித்தியாலம் கிடந்தால் போதும். குடலை விட்டால் கைக்கும்.

இனிச் சூடு. சூப் பானையில் கொதித்தாலும் குளிர்ந்த கிண்ணத்தில் விழுந்ததும் இறங்கிவிடும். அதற்கு மேல் பிறிட்ஜில் இருந்து எடுத்த முட்டையும் கோழித்துண்டும் போட்டு, ஃபான் முழு வேகத்தில் சுற்றுகிற மேசையில் வைத்தால் என்ன மிஞ்சும்? கிண்ணத்தைச் சுடுதண்ணீரில் வைத்து எடுங்கள். தாரே, எண்ணெய், கொதிக்கிற சூப், நூடில்ஸ், மேல் அலங்காரம் என்ற வரிசை மாறக்கூடாது. முட்டையையும் கோழியையும் முன்கூட்டியே சூடுகாட்டி வையுங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்தும் முறைப்பாடு வரக்கூடிய இடம் மேசை. எங்கள் சனம் எல்லோருக்கும் சாப்பாடு வரும் வரை கை வைக்காது. நல்ல பழக்கம், ராமெனுக்கு மட்டும் ஆகாது. ஏழு பேர் குடும்பத்துக்கு ஒவ்வொன்றாக அனுப்பினால், தாத்தாவுக்கு முதலில் வைத்த கிண்ணம், பேரனுடைய கிண்ணம் வருவதற்குள் கெட்டுவிடும். (அதற்குள் படம் பிடிப்பதும் நடக்கும்.) அடுப்பில் ஒரே நேரம் நாலு கூடை போகுமென்றால் நாலு கிண்ணத்தை ஒன்றாக வைத்து, "அண்ணை, இதை உடனே சாப்பிடுங்கோ, மற்றது மூண்டு நிமிசத்தில வருது" என்று சொல்லப் பழக்குங்கள். காத்திருக்கிறவர்களுக்கு ரோல்ஸ், கட்லட் ஏதாவது முன்னால் போகட்டும். முள்ளுக்கரண்டியும் ஆழமான கரண்டியும் கேட்காமலே வைக்க வேண்டும். உறைப்புக்குக் கட்டைத்தூள் எண்ணெயை மேசையில் தனியாக வைத்தால் பிள்ளைகளுக்கும் பிரச்சினையில்லை.

வெள்ளிக்கிழமை சைவம் கேட்டால், கோழியை எடுத்துவிட்டுக் கொடுப்பது ஏமாற்று. மாசி போட்ட சூப்பும் தாரேயும் சைவமல்ல. காளான் சூப்பைத் தனிப் பானையில் வையுங்கள். மிரின், சாகே ஆகிய ஜப்பானிய அரிசி மது வகைகளைச் சேர்த்தால் அவற்றில் மதுசாரம் உண்டு, முஸ்லிம் வாடிக்கையாளருக்குச் சொல்லியே ஆகவேண்டும்.

பார்சலுக்கு நூடில்ஸைப் 15 செக்கன் குறைத்து அவித்து, குளிர்ந்த தண்ணீரில் அலசிச் சிறிது எண்ணெய் பிரட்டித் தனியாகக் கட்டுங்கள். சூப் வேறு, வீட்டில் கொதிக்கவைத்து ஊற்றச் சொல்லுங்கள்.

மிஞ்சிய சூப்பைப் பெரிய பானையோடு இரவு முழுக்க விடாதீர்கள். சின்னப் பாத்திரங்களில் பிரித்து ஐஸ் தண்ணீரில் வைத்து, இரண்டு மணித்தியாலத்தில் 21 பாகைக்கும், அடுத்த நாலில் 5 பாகைக்கும் கொண்டுவர வேண்டும். கறண்ட் போய் பிறிட்ஜ் நின்றிருந்து சந்தேகம் என்றால் கொட்டுங்கள்.

கிண்ணம் திரும்பி வந்தால் வாதாட வேண்டாம். புதிதாக ஒன்று செய்ய மூன்று நிமிடம், செலவும் பெரிதில்லை. திரும்பி வந்ததைக் கொட்டுமுன் சமையல்காரர் ஒரு வாய் சுவைத்துப் பார்க்கட்டும், பிழை நூடில்ஸிலா சூட்டிலா உப்பிலா என்று அவருக்கே தெரிந்துவிடும்.