ராத்திரி முழுக்க 'டனல்' போடும் மகன்: சுங்கை சிப்புட் அம்மாவுக்குப் பதில்

அக்கா, உங்கள் கேள்வியை முழுசாகப் படித்தேன். எஸ்.பி.எம். (ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு) எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் மகன் ராத்திரி முழுக்க மடிக்கணினியும் கையுமாக வி.பி.என். டனல் (பொது இணையத்துக்குள் கணினிகளை இணைக்கும் தனிப் பாதை) போடுகிறேன் என்கிறான், இது போலீஸ் கேஸ் ஆகிவிடுமா, இதை வைத்து வேலை கிடைக்குமா, ஈப்போவில் ஒரு கல்லூரி குறுகியகாலப் படிப்புக்கு முன்பணம் கேட்கிறதே கட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

போலீஸ் பயம் வேண்டாம். மலேசியாவில் வி.பி.என். பயன்படுத்துவது குற்றமில்லை. அனுமதி இல்லாமல் அடுத்தவர் கணினிக்குள் நுழைவதுதான் 1997ஆம் ஆண்டு கணினிக் குற்றச் சட்டப்படி குற்றம். வீட்டிலுள்ள தன் கணினிகளை அவன் இணைத்துப் பார்த்தால் அது படிப்புதான்.

வேலை இருக்கிறதா என்றால், இருக்கிறது. தோட்ட ஆபீசில் கிராணி (எழுத்தர்) சம்பளக் கணக்கை ஏற்றினால் அது கோலாலம்பூர் தலைமையகத்துக்குப் பெரும்பாலும் பொது இணையம் வழியாகத்தான் போகிறது, நடுவில் யாரும் படிக்காமல் காப்பது இந்த வி.பி.என்.தான். 2024 ஆகஸ்ட் 26 முதல் நடப்பில் இருக்கும் சைபர் பாதுகாப்புச் சட்டம் பட்டியலிடும் முக்கியத் துறைகளில் வங்கி, சுகாதாரத்தோடு விவசாயமும் தோட்டத் தொழிலும் இருக்கின்றன. செம்பனைக்கு நடுவே வளர்கிற பிள்ளைக்கு இது தூரத்து வேலை இல்லை.

ஆனால் ஒன்று. செயலியைத் தட்டி வி.பி.என். போடுவது யாருக்கும் வரும், உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் சம்பளம். இனி தம்பியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படியுங்கள்.

தம்பி, டனல் என்பது ஒரு பேக்கெட்டை (இணையத்தில் போகும் தரவுத் துண்டு) இன்னொரு பேக்கெட்டுக்குள் வைப்பது, கடிதத்தை உறையோடு இன்னொரு உறையில் போடுகிற மாதிரி. வெளி உறை கண்ணாடித்தாளாக இருந்தால் உள்ளே இருப்பது எல்லாருக்கும் தெரியும், அதனால் டனல் வேறு, மறையாக்கம் (சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மாற்றுவது) வேறு. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். எல்2டி.பி. என்ற முறை டனல் மட்டும்தான் போடும், மறையாக்கம் செய்யாது, அதற்காகத்தான் அதை மறையாக்கம் செய்யும் ஐ.பி.செக் என்ற முறையோடு சேர்த்து ஓட்டுகிறார்கள். பி.பி.டி.பி. என்ற இன்னொரு வி.பி.என். முறையோ பழைய சங்கதி. அதன் கடவுச்சொல் பரிமாற்றத்தைப் பிடித்து வைத்தால் ஒரே நாளுக்குள் உடைத்துவிடலாம் என்று 2012இலேயே காட்டிவிட்டார்கள். அக்கா, நீங்கள் அனுப்பிய ஈப்போ கல்லூரி விளம்பரத் தாளில் பி.பி.டி.பி. அமைப்பதைத்தான் முக்கியச் செய்முறையாகப் போட்டிருக்கிறார்கள், எனக்கு அது பிடிக்கவே இல்லை.

இப்போது கையில் எடுக்க வேண்டியது ஐ.பி.செக், ஓப்பன்வி.பி.என்., வயர்கார்ட் என்ற வி.பி.என். முறைகள். வயர்கார்டில் ஆரம்பிப்பது நல்லது, 2020இல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் 5.6இலேயே சேர்ந்துவிட்டது, அமைப்பதும் சுலபம். இரண்டு மடிக்கணினியை இணைத்து ஒன்றிலிருந்து மற்றதன் டனல் முகவரிக்குப் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) அடி. பேக்கெட்டுகளைக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் டனல் இடைமுகத்தை (பேக்கெட் போய்வரும் இணைப்பு முனை) திறந்தால் பிங் போவதும் வருவதும் அப்படியே தெரியும். அதே நேரம் வைஃபை இடைமுகத்தைத் திறந்து பார், பிங் என்ற பேச்சே இருக்காது, யு.டி.பி. (இணையத்தில் தரவு அனுப்பும் ஒரு முறை) பேக்கெட்டுகள் மட்டும் ஓடும், போர்ட் (கணினியில் கதவு எண் மாதிரி) பெரும்பாலும் 51820. அப்புறம் ஐ.பி.செக் இல்லாத வெறும் எல்2டி.பி. போட்டு இதையே செய், வைஃபை பக்கமே எல்லாம் திறந்து கிடக்கும்.

அடுத்து எம்.டி.யு., அதாவது ஒரு பேக்கெட்டின் உச்ச அளவு. ஈதர்நெட்டில் ஒரு பேக்கெட்டுக்கு 1500 பைட்தான் இடம், வெளி ஹெடர் (வெளி உறையின் முகவரித் தகவல்) அதில் கொஞ்சத்தை எடுத்துக்கொள்வதால் வயர்கார்ட் வழக்கமாக 1420 வைத்துக்கொள்ளும். இந்தக் கணக்கு தப்பினால் பிங் போகும், பெரிய கோப்பு பாதியில் நிற்கும். "டனல் நல்லாத்தான் இருக்கு, ஆனா சிஸ்டம் திறக்கல" என்று கிளையிலிருந்து போன் வந்தால் முதலில் இதைச் சந்தேகப்படத் தெரிய வேண்டும்.

ஐ.பி.செக்கைக் கடைசியில் எடு, ஆனால் விட்டுவிடாதே. நிறுவனங்கள் கிளைகளை இணைப்பது அதிகமும் அதில்தான், சிஸ்கோவின் சி.சி.என்.ஏ. நெட்வொர்க் தேர்விலும் அது வரும். ஐ.பி.செக் பயன்படுத்தும் யு.டி.பி. போர்ட் 500, 4500 இரண்டையும் ரௌட்டர் தடுத்தால் என்ன ஆகும் என்று நீயே தடுத்துப் பார்.

சரி அக்கா, பண விஷயம். ரிசல்ட் வந்ததும் யு.பி.யு. (அரசு உயர்கல்வி விண்ணப்ப முறை) வழி பாலிடெக்னிக்குக்கு முதலில் விண்ணப்பியுங்கள், நெட்வொர்க் சார்ந்த டிப்ளோமா கிடைத்தால் விடாதீர்கள். தனியார் டிப்ளோமா என்றால் எம்.க்யூ.ஏ. (படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அரசு அமைப்பு) பதிவேட்டில் அந்தப் படிப்பின் பெயரை இணையத்தில் தேடிப் பாருங்கள், அங்கீகாரம் இல்லாத படிப்புக்கு பி.டி.பி.டி.என். என்ற அரசு உயர்கல்விக் கடன் கிடைக்காது. அந்த ஈப்போ கல்லூரிக்கு மகனையே கூட்டிப்போய், லேப்பில் மாணவர்கள் தாங்களே ஐ.பி.செக் இணைப்பு போட்டுப் பழுது பார்ப்பார்களா, இல்லை ஸ்லைடு காட்டுவதோடு சரியா என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் முன்பணம் கட்டாமல் பஸ் ஏறி வந்துவிடுங்கள்.